"யாரிடமும் சொல்லக் கூடாது": லூதியானாவில் 7 கோடி ரூபாய் பறிபோன விதம்

2024 ஆகஸ்ட் 27 அன்று பஞ்சாபின் லூதியானாவில் எஸ்.பி. ஓஸ்வாலின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. 9-ஐ அழுத்தாவிட்டால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். அவர் அழுத்தினார். அடுத்த இரண்டு நாள்களில் 7 கோடி ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது.

ஓஸ்வால் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர். கோவையிலும் திருப்பூரிலும் நூல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2010-ல் பத்ம பூஷண் பெற்றவர். சம்பவம் நடந்தபோது வயது 82. வங்கி, வரித்துறை, வழக்கறிஞர், நீதிமன்றம் எல்லாவற்றோடும் ஆயுள் முழுக்கப் புழங்கியவர். அவரைப் போன்ற ஒருவரே இரண்டு நாள் ஒரு கைப்பேசிக் கேமராவின் முன்னால் கட்டுண்டு கிடந்தார் என்றால், "படிப்பறிவில்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்ற பேச்சை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலானோர் வெளியே சொல்வதில்லை. மகனுக்குக்கூடச் சொல்லாமல் மனத்துக்குள் புதைத்துக்கொள்கிறார்கள். ஓஸ்வால் காவல்துறையிடம் போனார். பிறகு ஊடகங்களிலும் முகத்தைக் காட்டி, நடந்ததை ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பிலேயே ஒருவரைக் கைது செய்ததாக மிரட்டிப் பணம் பறிக்கும் இந்த மோசடிக்கு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பெயர்; அது உள்ளே எப்படி இயங்குகிறது என்பது அவரால்தான் நமக்குத் தெரிகிறது. அவர் செய்தது பெரிய உதவி.

9-ஐ அழுத்திய பிறகு

மறுமுனையில் பேசியவர் மும்பை கொலாபாவில் இருக்கும் சிபிஐ அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். ஒரு கைப்பேசி எண்ணைப் படித்துக்காட்டி, யாரோ உங்கள் பெயரில் இதை வாங்கியிருக்கிறார்கள் என்றார். பேச்சு வீடியோ அழைப்புக்கு மாறியது. கனரா வங்கியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் முறைகேடான பணம் புழங்கியிருக்கிறது, அது ஜெட் ஏர்வேஸ் நரேஷ் கோயலின் வழக்கோடு தொடர்புடையது என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

இதில் கோயல் வழக்கு மட்டும் நிஜம். ஜெட் ஏர்வேஸ் நிறுவனர் நரேஷ் கோயலை அமலாக்கத் துறை 2023 செப்டம்பர் 1 அன்று கைது செய்தது. கனரா வங்கிக்கு ஏற்பட்ட சுமார் 538 கோடி ரூபாய் இழப்பு தொடர்பான வழக்கு அது. நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரிந்த செய்தி. வங்கியின் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், விசாரிக்கும் துறையின் பெயர் எல்லாம் செய்தித்தாளோடு ஒத்துப்போனால், நடுவில் செருகப்பட்ட ஒரே ஒரு பொய்யை யார் சந்தேகிப்பார்கள்? வேறு பல ஊர்களிலும் இதே கோயல் பெயரைச் சொல்லித்தான் பலரை மிரட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கனரா வங்கியில் கணக்கே கிடையாது, கோயலோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றுதான் ஓஸ்வால் முதலில் மறுத்தார். பிறகு அவருக்கே ஒரு யோசனை ஓடியது. ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் பயணம் செய்திருக்கிறோமே, அப்போது கொடுத்த அடையாள ஆவணத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தியிருக்கலாமோ?

இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்க்கும் இடம் இதுதான். குற்றத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளியை மோசடிக்காரர்கள் நிரப்பவில்லை. அவருடைய நினைவு நிரப்பிக்கொடுத்தது. நம்மில் யாரை எடுத்துக்கொண்டாலும் ஆதார் நகல் எங்கெங்கோ கிடக்கிறது. சிம் கார்டு வாங்கிய கடையில், தங்கிய லாட்ஜில், வாடகை வீட்டு ஒப்பந்தத்தில், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தில். "உங்கள் ஆதார் தவறாகப் பயன்பட்டிருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எங்கே கொடுத்தோம்" என்று மனம் தானாகத் தேடத் தொடங்கும். தேடினால் ஏதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டதும் நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்து அவர்கள் குரலை மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை நீங்கள் சந்தேகத்துக்குரியவர், டிஜிட்டல் காவலில் இருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் நிரபராதி என்றால் காப்பாற்ற முயல்கிறோம், ஒத்துழையுங்கள் என்றார்கள். விசாரணையை முன்னுரிமை கொடுத்து விரைவாக முடிக்கும்படி அவரையே ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தார். தான் கேட்டுக்கொண்டபடிதான் எல்லாம் நடக்கிறது என்ற எண்ணத்தை அந்த ஒரு தாள் உண்டாக்கிவிடும்.

பிறகு வாக்குமூலம். சிறு வயது எப்படிக் கழிந்தது, எங்கே படித்தீர்கள், தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். அதே மூச்சில் சொத்து விவரம். எல்லாம் ஞாபகத்தில் இல்லை, மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் ஓஸ்வால். 82 வயதில் ஒருவர் தன் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால், கேட்பவரை அதிகாரி என்று மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். எவ்வளவு கறக்கலாம் என்ற கணக்கும் எதிர்முனையில் தயாராகிவிட்டது.

கண்காணிப்பு விதிகள் என்று ஒரு நீண்ட பட்டியலும் வந்தது. வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தூங்கும்போதும் கேமரா அணையக் கூடாது. அறையைவிட்டு வெளியே போனால் செய்தி அனுப்ப வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை: இதை யாரிடமும் சொல்லக் கூடாது. தேசிய ரகசியச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் இது, வெளியே சொன்னால் 3 முதல் 5 ஆண்டு சிறை என்று மிரட்டினார்கள். அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஒன்று உண்டு; அது உளவு பார்ப்பதையும் அரசு ரகசியங்களைக் கடத்துவதையும் பற்றியது. தன் மீது வழக்கு இருப்பதை மனைவியிடம் சொல்லும் மனிதனைச் சிறையில் தள்ளும் சட்டம் எதுவும் இல்லை.

சுத்தியல் தட்டிய நீதிமன்றம்

மறுநாள் ஸ்கைப்பில் "உச்ச நீதிமன்ற விசாரணை" நடந்தது. இந்தியத் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் விசாரிக்கிறார் என்றார்கள். நீதிபதியின் முகம் தனக்குத் தெரியவில்லை என்றும், பேச்சும் சுத்தியல் தட்டும் சத்தமும் கேட்டது என்றும் ஓஸ்வால் பின்னர் சொன்னார். விசாரணை முடிந்ததும் எழுத்து மூலமான உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. அமலாக்கத் துறையின் சின்னமும் மும்பை காவல்துறையின் முத்திரையும் போட்ட கைது வாரண்ட் ஒன்றும் காட்டப்பட்டது. 7 கோடி ரூபாயை அவர்கள் சொல்லும் கணக்குகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதே உத்தரவு. அனுப்பினார்.

அந்தச் சுத்தியல் ஒன்றே போதும். இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. சினிமாவில்தான் தட்டுகிறார்கள். மோசடிக்காரர்கள் நிஜ நீதிமன்றத்தைப் போல் ஒன்றை அமைக்கவில்லை. நீதிமன்றம் என்றதும் மக்கள் மனத்தில் எழும் படத்தைப் போல் ஒன்றை அமைத்தார்கள். பயத்தில் இருப்பவருக்கு அது போதுமானதாக இருந்தது.

உத்தரவின் தலைப்பு இன்னும் விசித்திரம். "நீதியரசர் தனஞ்ஜய ஒய். சந்திரசூட் எதிர் ஸ்ரீ பால் ஓஸ்வால்" என்று வழக்குக்குப் பெயர் வைத்திருந்தார்கள். விசாரிக்கும் நீதிபதியே வழக்கின் ஒரு தரப்பாக நிற்கிறார். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைக்குக்கூட அந்த ஒரு வரி போதும். ஓஸ்வாலின் குழுமத்தில் சட்டம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா இருந்திருக்கும்? அந்தத் தாளை அவர்களில் யாரிடமாவது காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். காட்டக் கூடாது என்பதுதான் ஏற்பாடே.

அதே ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரிலும் படத்திலும் யாரோ ஒருவர் சமூக ஊடகத்தில் ஒருவருக்குச் செய்தி அனுப்பி, டெல்லி கன்னாட் பிளேஸில் மாட்டிக்கொண்டேன், டாக்ஸிக்கு 500 ரூபாய் அனுப்புங்கள், நீதிமன்றம் போனதும் திருப்பித் தருகிறேன் என்று கேட்டிருந்தார். உச்ச நீதிமன்றத் தரப்பிலிருந்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கும் அளவுக்கு அது பரவியது. நாடே சிரித்தது. அதே பெயரைச் சொல்லி லூதியானாவில் 7 கோடி எடுத்தார்கள். பயன்பட்ட பெயரும் ஒன்றுதான், அந்தஸ்தும் ஒன்றுதான். 500 ரூபாய் கேட்டவரின் பொய் வெளிப்பட்டது, 7 கோடி கேட்டவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் செய்தியைப் பெற்றவர் அதை நாலு பேருக்குக் காட்டினார். இரண்டாவதில் அந்த வழியை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள்.

நிஜக் கைது எப்படி இருக்கும்

மோசடி அழைப்பை அடையாளம் காண்பதற்கு எண் எந்த நாட்டுக் குறியீட்டில் தொடங்குகிறது, எழுத்துப் பிழை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். அவர்களால் மாற்றிக்கொள்ளவே முடியாத ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்வதுதான் பலன் தரும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு, கைது எப்படிச் செய்யப்படுகிறது என்று சொல்கிறது. கைது செய்பவர் அந்த நபரின் உடலைத் தொட வேண்டும், அல்லது தன் கட்டுக்குள் அடைக்க வேண்டும். அவரே சொல்லாலோ செயலாலோ உடன்பட்டால் தொடத் தேவையில்லை. எப்படியிருந்தாலும் காவலர் நேரில் நிற்க வேண்டும். கைதுக் குறிப்பாணை ஒன்று எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்த ஊரின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டியது காவல்துறையின் கடமை. வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதெல்லாம் நேற்று வந்தவை என்று நினைக்க வேண்டாம். கைதானவர் பற்றி நெருங்கிய ஒருவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. லாக்கப்பில் மனிதர்கள் இறந்த கொடுமைகளிலிருந்து பிறந்த விதி அது.

ஆக, நம் நாட்டுச் சட்டத்தில் கைது என்றாலே யாராவது ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும். மோசடிக்காரரின் "கைது" நடக்க வேண்டுமானால் யாருக்கும் தெரியக் கூடாது. இந்த வித்தியாசத்தை அவர்களால் சரிசெய்ய முடியாது. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதால் ரகசியத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். சிபிஐ, டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுங்கத் துறை, கூரியர் பார்சலில் போதைப்பொருள், மகன் விபத்தில் மாட்டிக்கொண்டான் என்று கதை எதுவாக இருந்தாலும் சரி, "இதைச் சொல்லாதே" என்ற வார்த்தை வந்த நொடியிலேயே அழைப்பைத் துண்டித்துவிடலாம். நிஜ அதிகாரியாகவே இருந்தாலும் அதனால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது. அவர் நேரில் வருவார், அல்லது முறைப்படி நோட்டீஸ் அனுப்புவார்.

நோட்டீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் காவல்துறை நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ கொடுத்தால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அமலாக்கத் துறை தன் சம்மன்களில் கியூஆர் குறியீடும் கடவுச்சொல்லும் அச்சிடுகிறது. அந்தத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பணம் கேட்பது அடுத்த அடையாளம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் பணத்தின் மீது அரசுக்குச் சந்தேகம் வந்தால், கணக்கை அது இருக்கும் இடத்திலேயே முடக்கும். வங்கிக்கு உத்தரவு போகும், உங்களால் பணம் எடுக்க முடியாது, அவ்வளவுதான். "சரிபார்ப்பதற்காக எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்" என்று எந்தத் துறையும் கேட்காது, நீதிமன்றமும் கேட்காது.

பணம் போன பாதை

ஓஸ்வால் விஷயத்தை நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவரிடம் சொன்ன பிறகுதான் மோசடி என்று புரிந்தது. ஆகஸ்ட் 31 அன்று லூதியானா சைபர் குற்றப் பிரிவில் வழக்கு பதிவானது. செப்டம்பர் முடிவதற்குள் அஸ்ஸாமின் குவாஹாத்தியில் இருவர் கைதானார்கள். அஸ்ஸாம், மேற்கு வங்கம், டெல்லி என்று பரவிக்கிடந்த ஒன்பது பேர் கொண்ட கும்பல் அடையாளம் காணப்பட்டது. 7 கோடியில் 5.25 கோடி ரூபாய் மீட்கப்பட்டது. இத்தகைய வழக்குகளில் அதுவரை நாட்டில் மீட்கப்பட்ட பெரிய தொகை அதுதான்.

முக்கால் பங்கு திரும்பக் கிடைத்தது எப்படி? பணம் ஒரே தாவலில் மறைந்துவிடுவதில்லை. முதலில் ஒரு கணக்குக்குப் போகும், அங்கிருந்து உடனே பத்து கணக்குகளுக்குப் பிரியும், அந்தப் பத்தும் இன்னும் பலவாகப் பிரியும். கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். வெளியேறும் வரைதான் அது வங்கிக்குள் இருக்கும் பணம். சைபர் நிதி மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் அங்கே கேட்பது மூன்று நான்கு விவரங்கள்தான்: எந்த வங்கியிலிருந்து போனது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யூடிஆர் எண் என்ன. அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே செல்லும். பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்குவார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் புகாரும் பின்னாலேயே தாவும். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பணம்தான். "நாளைக்குக் காலையில் பையன் வரட்டும், யோசித்துப் புகார் கொடுக்கலாம்" என்று ராத்திரியைக் கடத்துவதைப் போன்ற இழப்பு வேறில்லை. யூடிஆர் எண் எங்கே என்று தெரியாவிட்டால் வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸிலும் கணக்கு அறிக்கையிலும் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அழையுங்கள்.

அந்தப் பத்துக் கணக்குகள் யாருடையவை? பெரும்பாலும் நிஜ மனிதர்களுடையவை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்ட மாணவர்கள், கூலித் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள். மியூல் கணக்கு என்கிறார்கள். காவல்துறை முதலில் வந்து கதவைத் தட்டுவது இவர்கள் வீட்டில்தான். கல்லூரிப் பிள்ளை இருக்கும் வீட்டில், மோசடிக்கு இரையாவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். "சும்மா கிடக்கிற அக்கவுண்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் சில ஆயிரம் தருகிறோம்" என்று நண்பனின் நண்பன் கேட்கிறான் என்றால், யாரோ ஒரு முதியவரின் சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகப் போகப்போகிறது.

ஹைதராபாதில் ஒரு கவுண்டர்

அதே 2024-ல் ஹைதராபாதில் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளைக்கு மூத்த குடிமகன் ஒருவர் வந்தார். நெடுநாள் வாடிக்கையாளர். வைப்புத்தொகையை உடைத்து 13 லட்சம் ரூபாயை அனுப்ப வேண்டும் என்றார். அவர் பதற்றத்தைப் பார்த்த ஊழியர் எதற்கு என்று கேட்டார். சொந்தச் செலவு என்றார், பிறகு சொத்து வாங்க என்றார். பதில் மாறியதுமே ஊழியர்கள் உஷாரானார்கள், பணத்தை அனுப்பாமல் இழுத்தடித்தார்கள், கடைசியில் 1930-க்கு அழைத்துப் பேச வைத்தார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டப்பட்டுத்தான் அவர் வந்திருந்தார். பணம் தப்பியது.

லூதியானாவையும் ஹைதராபாதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணம், படிப்பு, அனுபவம் எதுவும் தீர்மானிக்கவில்லை என்பது தெரியும். ஹைதராபாதில் பணம் போவதற்கு முன்னால் இன்னொரு மனிதர் குறுக்கே வந்தார். ஓஸ்வாலுக்குப் பணம் போன பிறகு வந்தார். கவுண்டரில் இருப்பவர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதை விட வேண்டும். வங்கி ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வயதானவர் ஒருவர் காதில் இயர்போனோடு வந்து, முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை உடைத்து, இதுவரை அனுப்பாத ஊருக்கு ஆர்டிஜிஎஸ் செய்யச் சொன்னால், ஒரு நிமிடம் உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். பொய்க் காரணம் சொல்வார். அப்படிச் சொல்லும்படி மறுமுனையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இது எவ்வளவு பெரியது

2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியில் 120.30 கோடி ரூபாய் போனதாக மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் கணக்குச் சொன்னது. எல்லா வகை சைபர் நிதி மோசடிகளையும் சேர்த்தால் 2024-ல் 22,845 கோடி. முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. 2024 அக்டோபரில் பிரதமர் தன் மாதாந்திர வானொலி உரையில் இதைப் பற்றிப் பேசினார், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்றார். அழைப்பு விடுத்தாலே எச்சரிக்கைக் குரல் ஒலிக்கும் நிலை வந்தது. ஆனாலும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்த அழைப்புகளில் பெரும் பங்கு கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் இருக்கும் மோசடி முகாம்களிலிருந்து வருகிறது. அங்கே உட்கார்ந்து பேசுபவர்களில் பலர், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய்க் கடத்தப்பட்டவர்கள். 2022-ல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்டு அழைத்து வரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, இலக்கு எட்டாவிட்டால் அடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். திட்டுவதற்காகப் போன் எடுப்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பவனும் ஓர் அடிமையாக இருக்கக்கூடும்.

நீதிமன்றங்கள் இப்போது அசைந்திருக்கின்றன. 2025 ஜூலையில் மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் ஒரு டிஜிட்டல் அரெஸ்ட் வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அக்டோபரில், ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி ஒரு கோடிக்கும் மேல் இழந்ததை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவர்களிடம் காட்டப்பட்டதும் உச்ச நீதிமன்றத்தின் போலி உத்தரவுதான். டிசம்பர் 1 அன்று நாடு முழுவதும் உள்ள டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது. மியூல் கணக்குகளுக்கு உடந்தையான வங்கி அதிகாரிகளையும் விசாரிக்கலாம் என்றது. இந்தக் கடைசி வரியை நான் மிகவும் வரவேற்கிறேன். முதியவர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கோடிக்கணக்கில் பணம் வந்து சில நிமிடங்களில் காலியாகும் கணக்கைத் திறந்து கொடுத்த கிளையை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் நடந்துவிட்டால்

அப்பாவோ அம்மாவோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரமாகப் போனில் இருக்கிறார்கள், கேட்டால் "ஒண்ணுமில்லை, நீ போ" என்கிறார்கள், சாப்பிட வர மறுக்கிறார்கள் என்றால், தயங்காமல் உள்ளே போய்க் கேமராவின் முன் நில்லுங்கள். எதிர்முனையோடு வாதாட வேண்டாம். அழைப்பைத் துண்டித்து, கைப்பேசியை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வந்த ஆவணங்கள், செய்திகள், எண்கள் எதையும் அழிக்காதீர்கள். அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத் துடிப்பார்கள், அவைதான் சாட்சி.

அழைப்பு நின்ற பிறகும் பயம் நிற்காது. போலீஸ் வந்துவிடும், உன்னையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நடுங்குவார்கள். "அது போலி, பயப்படாதீங்கப்பா" என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் மனம் ஏற்காது. அருகில் இருக்கும் காவல் நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போய், சீருடையில் இருக்கும் ஒருவர் வாயால் "உங்கள் மீது எந்த வழக்கும் இல்லை" என்று சொல்லவைப்பது நல்லது. பணம் எவ்வளவு போயிருந்தாலும் அன்றைக்கு "இவ்வளவு படித்தும் ஏமாந்தீர்களே" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. திட்டு விழும் என்ற பயம் இருக்கும் வீட்டில், அடுத்த முறை அழைப்பு வரும்போது மறைப்பதற்கு அவர்களே காரணம் வைத்திருப்பார்கள்.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னோர் அழைப்பு வரலாம். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், அல்லது வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் முடக்கப்பட்ட கணக்கில் அப்படியே இருக்கிறது, விடுவிக்க ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும் என்பார்கள். எவ்வளவு இழந்தீர்கள், எந்த வங்கி என்பதெல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் ஒரு கும்பலிடமிருந்து இன்னொரு கும்பலுக்கு விலைக்குப் போகிறது. முடக்கப்பட்ட பணம் முறைப்படி வங்கி வழியாக உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். அதற்காகப் போனில் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. புகார் எண்ணை எடுத்துக்கொண்டு, வழக்கு பதிவான காவல் நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.